கம்ப்யூட்டருக்கு ஒரு குடம் தண்ணீர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கடிக்கும்.

நாய் கடிக்கும், புதுச் செருப்பு கடிக்கும், கம்ப்யூட்டர் எங்கேயாவது கடிக்குமா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நானும் இப்படித்தான் சிரித்தேன். என் மனைவி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து, "எங்கே கடிக்குது, காட்டு பார்ப்போம்" என்று அதன் முதுகில் கையை வைத்தேன். அதோடு சிரிப்பு நின்றது.

ஆனால் அதை இப்போதே சொல்லிவிட்டால், அந்தக் கடிக்கு நான் எப்படிப் படிப்படியாகத் தகுதி பெற்றேன் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

2002-ஆம் வருஷம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இல்லாத வீடுகள் இரண்டுதான் பாக்கி. ஒன்று எங்களுடையது. இன்னொன்று பூட்டிக் கிடந்தது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய அத்தனை பேரும் 'பையன் படிப்புக்கு' என்றுதான் வாங்கினார்கள். செய்தி கேட்க டி.வி. வாங்கின மாதிரி. நானும் அதையே சொன்னேன். உள்ளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. வீட்டு வரவு செலவைக் கம்ப்யூட்டரில் எழுதி, மாசக் கடைசியில் பணமெல்லாம் எங்கே போகிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். முதல் மாதமே பிடித்தும் விட்டேன். பணமெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் போயிருந்தது. அந்தக் கணக்கை அப்படியே மூடியவன் இன்றுவரை திறக்கவில்லை.

வாங்கப் போனது ரிச்சி தெருவுக்கு. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் ஒரு சைக்கிள் போவதற்கான இடத்தில் ஆயிரம் பேர் நின்றுகொண்டு, எல்லார் கையிலும் ஒரு அட்டைப் பெட்டி. துணைக்கு எதிர்வீட்டுப் பையனைக் கூட்டிப் போயிருந்தேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "கான்ஃபிகரேஷன் சொல்லுங்க சார்" என்றார். எனக்குத் தெரிந்த கடையில் எல்லாம் 'எத்தனை கிலோ' என்றுதான் கேட்பார்கள். "நல்லதா குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு விநாடி பார்த்தார். அதற்குப் பிறகு பேசினதெல்லாம் பையனிடம்தான். பணம் எடுத்துவைக்க வேண்டிய கட்டம் வந்தபோது மட்டும் என் பக்கம் திரும்பினார். பெண்ணைப் பெற்றவனுக்கு மாப்பிள்ளை வீட்டில் கிடைக்கிற மரியாதை.

பென்டியம் த்ரீ, 128 எம்.பி. ராம், 20 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 15 இன்ச் மானிட்டர். "இருபது ஜி.பி. ஆயுசுக்கும் போதும் அங்கிள்" என்றான் பையன். அவன் யாருடைய ஆயுசைச் சொன்னான் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மானிட்டர் என்றால் இன்றைக்குச் சுவரில் படம் மாதிரி மாட்டுகிறீர்களே, அது இல்லை. கண்ணாடிக் குழாய் வைத்த பழைய ரகம். குண்டான ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி பின்பக்கம் ஒரு முழம் நீண்டிருக்கும். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, துரைசாமி சப்வேயின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டு வந்தேன். "கல்யாணம் ஆகி என்னைக்கூட இவ்வளவு பத்திரமா கூட்டிட்டு வரலை" என்றாள் மனைவி. பள்ளம் அப்போது இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அம்மா ஆரத்தி எடுத்தாள். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். பையன் மற்ற ஒயர்களை எல்லாம் மாட்டி முடித்து உயிர் கொடுத்ததும், கீபோர்டும் மவுசும் அசைய மறுத்தன. இரண்டையும் மாற்றிச் செருகியிருந்தது நான்தான். "நிறம் பார்த்துச் செருகணும் அங்கிள், கீபோர்டு பர்ப்பிள், மவுஸ் பச்சை." எனக்கு உலகத்தில் மொத்தம் ஆறு நிறம்தான் தெரியும், அதில் பர்ப்பிள் கிடையாது. என் மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கத்தரிப்பூ கலர்ங்க" என்று சொல்லிச் சரியாகச் செருகினாள். புடவைக் கடையில் நான் வாசலில் நின்ற மணிநேரங்களின் பலன் அன்றைக்குத்தான் புரிந்தது.

அம்மா பெட்டிக்கும் ஒரு பொட்டு வைக்கலாமென்று கையைக் கொண்டுபோனாள். பொட்டு வைத்த இடம் சி.டி. டிரைவின் பட்டன். உர்ரென்று ஒரு தட்டு வெளியே நீண்டது. அம்மா இரண்டடி பின்னால் போனாள். பிறகு தைரியம் வந்து, "கை நீட்டுதுடா" என்று வெற்றிலை பாக்கும் ஒரு ரூபாய்க் காசும் அதில் வைத்தாள். தட்டு உள்ளே போனது. அந்தக் காசை வெளியே எடுக்க எத்தனை ஸ்க்ரூ கழற்றினோம் என்பதை விட்டுவிடுகிறேன்.

அடுத்த சில மாதங்களின் சின்னச் சின்னத் தோல்விகளை வேகமாகத் தாண்டிவிடலாம். நான் 1978-ல் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவன். அந்தக் காலத்து மெஷினில் ஒரு 'ற' விழ வேண்டுமென்றால் ஒரு ஆணி அடிக்கிற பலம் வேண்டும். அதே பலத்தோடு கீபோர்டில் உட்கார்ந்தேன். மேஜையின் மறுகோடியில் இருந்த காபி டம்ளர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு அங்குலம் நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. போதாக்குறைக்கு, 1999-ல் அரசாங்கம் தமிழ்99 என்று ஒரு விசைப்பலகையை ஏற்றுக்கொண்டிருந்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. பத்து நாளில் பழகிவிடும் என்றார்கள். என் பையனுக்குப் பழகிவிட்டது. என் விரல்கள் மட்டும் இன்னமும் 1978-லேயே உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்றன.

யு.பி.எஸ். வாங்கினோம். கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்கும், அதற்குள் எழுதியதைச் சேமித்து அணைத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் காலை கரண்ட் போனதும் என் மனைவி அதில் மிக்ஸியைச் செருகிவிட்டாள். பத்து நிமிஷத்தில் சட்னி ஆகிவிடும் என்பது அவள் கணக்கு. நியாயமான கணக்குதான். பத்து விநாடிகூட ஆகவில்லை, யு.பி.எஸ். ஒரே கூச்சலாகக் கூவி மூச்சை விட்டது. அன்றைக்கு இட்லிக்குத் தொட்டுக்கொண்ட தேங்காயைச் சட்னி என்பதா, தேங்காய் என்பதா என்று எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு.

பிறகு பல்லி. பெட்டிக்குள் வெதுவெதுப்பாக இருக்கிறதென்று ஒரு பல்லி குடிவந்து, எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சாரப் பெட்டிக்குள் தவறி விழுந்து போய்ச் சேர்ந்தது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் போட்டிருக்கும். தலையில் விழுந்தால் ஒன்று, இடது தோளில் விழுந்தால் ஒன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் விழுந்தால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. பலன் 550 ரூபாய்.

இதெல்லாம் விதி. ராம் விஷயம் அப்படியில்லை, அது முழுக்க என் சொந்த முயற்சி.

ஒரு மழைக்காலக் காலை. பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்றுமில்லை. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக, விட்டுவிட்டு, பீ... பீ... என்று ஒரு முனகல். எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். வந்தான், கேட்டான். "ரப்பர் இருக்கா அங்கிள்?"

"என்ன ரப்பர்?"

"பென்சில் அழிக்கிற ரப்பர்."

பரீட்சைக்குப் போகிற அவசரத்தில் கேட்கிறான் என்று நினைத்தேன். அவனோ பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவினான். அதுதான் ராம். ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள். ஒரு பக்கம் 84, இரண்டு பக்கமும் சேர்த்து 168. ஈரக்காற்றில் அழுக்குப் படிந்தால் அந்தப் பற்கள் உள்ளே இருக்கிற தகட்டோடு ஒட்டாதாம். ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தான், துகளை ஊதினான், திரும்பச் செருகி அழுத்தினான். இரண்டு பக்கமும் 'டக் டக்'. பட்டனை அழுத்தினால், கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்தது.

முப்பதாயிரம் ரூபாய்ச் சாமானை ஒரு ரூபாய் ரப்பர் சரி பண்ணியதைப் பார்த்ததும் என் மனசில் ஒரு பெரிய கதவு திறந்தது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் அந்தப் பையனுக்கு ஃபில்டர் காபியும் முறுக்குமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்?

ஒரு மாதம் கழித்து மறுபடி பீ... பீ... நான் யாரையும் கூப்பிடவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன் (அதில் மட்டும் நான் எப்போதும் ஜாக்கிரதை, ஒரு வருஷம் கடி படாமல் தப்பித்ததும் அதனால்தான்). பெட்டியைத் திறந்தேன். ராமை உருவினேன். என் பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் ரப்பர் எடுத்தேன். அதில் பாதி வெள்ளை, பாதி சாம்பல் நிறம். என்ன வித்தியாசம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சாம்பல் பக்கம் நன்றாகச் சொரசொரவென்று இருந்தது. நன்றாகத் தேய்க்கும் என்று பட்டது. நன்றாகவே தேய்த்தது. பொன்னிறம் போய், செம்பு நிறம் போய், கடைசியில் ஒரு பத்துப் பதினைந்து பற்கள் இருந்த இடத்தில் பச்சை மட்டும் தெரிந்தது.

மாலையில் பையன் வந்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அவன் முகத்தில் அவ்வளவு துக்கத்தை நான் பார்த்ததில்லை. "மை அழிக்கிற பக்கத்தால தேய்ச்சிருக்கீங்க அங்கிள்."

"ராம்னா என்னடா?" என்று அம்மா கேட்டாள்.

"அதோட ஞாபகசக்தி பாட்டி."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஞாபகத்தை ரப்பர் வெச்சு அழிச்சுட்டானா?" என்றாள். பிறகு தனக்குத்தானே, "அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்றாள். புது ராம் வாங்கினோம். அதன் பிறகு காபியோடு முறுக்குக்குப் பதில் பக்கோடா.

இதற்கப்புறம்தான் தேதி விவகாரம்.

மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட இருபது வருஷமாகக் கையால் எழுதிக் கொடுத்த லீவு லெட்டரை அன்றைக்குக் கம்ப்யூட்டரில் அடித்தேன். தேதியைக்கூட நான் போடவில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் தானே போட்டுக்கொள்ளும் என்று என் பையன் காட்டிக்கொடுத்திருந்தான். அழகான எழுத்தில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, மடிக்காமல் ஃபைலில் வைத்து எடுத்துப் போய் சூப்பரின்டெண்டிடம் கொடுத்தேன். அவர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார்.

"நீங்க சர்வீஸ்ல சேர்ந்தது எப்போ?"

"எண்பத்து மூணு சார்."

"அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே லீவு அப்ளை பண்ணியிருக்கீங்க" என்று லெட்டரைத் திருப்பிக் காட்டினார். தேதி: 1-1-1980. "இவ்வளவு முன்யோசனையோட யாரும் லீவு கேட்டு நான் பார்த்ததில்லை. சாங்ஷன் பண்ணிடறேன். 1980-லயே எடுத்துக்குங்க."

அந்த வாரம் முழுக்க ஆபீசில் எனக்குப் பெயர் 'எண்பதாம் வருஷம்'.

வீட்டில் பார்த்தால், அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் 1980 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய்விடுகிறது. ரிப்பேருக்கு வந்த ஒருவர் பெட்டியைத் திறந்து, உதட்டைப் பிதுக்கி, "மதர்போர்டு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நாலாயிரத்து ஐந்நூறு என்றார். மறுபடி பக்கோடா போட்டோம். எதிர்வீட்டுப் பையன் உள்ளே கையை விட்டு, ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு வில்லையை நெம்பி எடுத்தான். பெட்டி அணைந்திருக்கும்போதும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்குமாம்; அதற்கான பேட்டரி இது. "இது தீர்ந்துட்டா அதுக்கு நேரம் காலம் தெரியாது அங்கிள். டாஸ் காலத்துல தேதியை எண்ண ஆரம்பிச்சதே 1980 ஜனவரி 1-லேர்ந்துதான். ஒண்ணும் புரியலைன்னா அங்கே போய் நின்னுடும்."

பெர்சனல் கம்ப்யூட்டர் என்று இன்று நாம் சொல்கிற இந்தக் குலத்துக்கு மூதாதையான ஐ.பி.எம். பி.சி. வெளிவந்ததே 1981 ஆகஸ்டில்தான். அதாவது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பயந்துபோனால் தன் பாட்டன் பிறப்பதற்கே ஒன்றரை வருஷம் முன்னால் போய் ஒளிந்துகொள்கிறது. எனக்கு அதன் மேல் முதல்முறையாக ஒரு பாசம் வந்தது. இதை மனைவியிடம் விளக்கினேன்.

"1980-ஆ? நமக்குக் கல்யாணமே ஆகலையே அப்போ" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை ஏன் ரிப்பேர் பண்றீங்க, அப்படியே இருக்கட்டுமே" என்றாள்.

பேட்டரியின் பெயர் சி.ஆர். 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், பேரிலேயே அளவு. வாட்ச் கடையில் கிடைத்தது. கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகியபடியே, "எந்த வாட்ச்சுக்கு?" என்றார். கம்ப்யூட்டருக்கு என்றேன். "அதுக்கும் வேளைக்கு வீட்டுக்குப் போகணுமா?" என்று இருபத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சரி, இப்போது கடிக்கு வருவோம்.

2003 கோடை. வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி ஈரத்துணியால் கம்ப்யூட்டரைத் துடைப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் 'கடிக்குது' என்பாள். நான் தொடுவதோ முன்பக்கத்து பிளாஸ்டிக்கை மட்டும், அதுவும் ஹவாய் செருப்போடு. "உன் உடம்புவாகு" என்று சொல்லிவந்தேன். அந்த ஈரக்கால் சம்பவத்துக்குப் பிறகு என் உடம்புவாகும் அதேதான் என்று தெரிந்ததால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் டெஸ்டரைப் பெட்டியின் முதுகில் வைத்தார். டெஸ்டருக்குள் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த பிளக் போர்டைக் கழற்றினார். மூன்று ஓட்டை உள்ள போர்டில் மேலே பெரிதாக இருக்கிறதே ஓட்டை, அதிலிருந்து ஒரு பச்சை ஒயர் கம்பீரமாகக் கிளம்பி, சுவருக்குள் இரண்டு அங்குலம் போய், மடிந்து படுத்திருந்தது.

"சார், உங்க வீட்ல எர்த்தே இல்லை" என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எர்த் இல்லையாமா? அவங்கப்பா 58-ல வாங்கிப் போட்ட எடம், ஒன்றரை கிரவுண்டு! பத்திரத்தைக் காட்டுடா!"

எதிர்வீட்டுப் பையன் எனக்குப் புரிகிற பாஷையில் விளக்கினான். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்ட, வருகிற இரண்டு ஒயரிலிருந்தும் பெட்டியின் இரும்புக்கு ஒவ்வொரு குட்டிக் கண்டென்சர் இருக்கிறது. எர்த் இருந்தால் அதன் வழியாகக் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115, பெட்டியின் உடம்பிலேயே தங்கி, தொடுகிறவனுக்காகக் காத்திருக்கும். "கரண்ட் ரொம்பக் கொஞ்சம் அங்கிள். கொல்லாது, நோண்டும். ஆனா எர்த் இல்லாம விடக்கூடாது. உள்ளே ஏதாவது நிஜமாவே பழுதாச்சுன்னா நோண்டறதோட நிக்காது."

கொல்லாமல் நோண்டுவது எனக்குப் புதிதில்லை, ஆபீசுக்குப் போய் வருகிறவன்தானே. ஆனால் கடைசியாகச் சொன்னது பயமாக இருந்தது. எர்த் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

எர்த் என்றால் ஒரு ஒயரை இழுத்து மண்ணில் செருகுகிற வேலை என்று நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் எழுதிக்கொடுத்த சீட்டில் இருந்தது: எட்டடி ஜி.ஐ. பைப் ஒன்று, மரக்கரி மூன்று மூட்டை, கல்லுப்பு இரண்டு மூட்டை, குழி வெட்ட இரண்டு ஆள். இரண்டு ஆளும் விடியற்காலையில் கடப்பாறையோடு வந்து துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தார்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கரி மூட்டையையும் உப்பு மூட்டையையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "யாருக்குடா வைக்கிறே?" என்றாள்.

அம்மாவையாவது சமாளித்துவிட்டேன். தெருவைச் சமாளிக்க முடியவில்லை. அந்தக் கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூண்டி, செங்குன்றம் ஏரிகள் எல்லாம் காய்ந்து, சென்னையில் குழாயைத் திறந்தால் காற்று வந்த கோடை. எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி. அதற்குக் காலை நாலு மணிக்கே பச்சை, சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் தங்கள் எஜமானர்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும். கிணறுகளில் எல்லாம் வாளி தரையில் முட்டுகிற சத்தம்தான். இந்த நேரத்தில் ஒருத்தன் வீட்டில் கடப்பாறைச் சத்தம் கேட்டால் தெரு என்ன நினைக்கும்?

முதல் தலை எட்டு மணிக்கு காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தெரிந்தது. "போரா சார்? எத்தனை அடி?"

"இல்லை சார், எட்டடிதான்."

"எட்டடிலயே வந்துடுச்சா!" என்றார் அவர். அந்த வார்த்தை தெருக்கோடி வரை போகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த வீட்டுக்காரர் வந்து, தன் கிணறு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருப்பதாகவும், ஊற்று இரண்டு வீட்டுக்கும் பொது என்றும், எதையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பின்தெருவிலிருந்து ஒரு அம்மாள், எனக்கு முன்பின் தெரியாதவர், குடத்தோடு வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் இன்னும் நாலு குடம் சேர்ந்தது. ஒரு பெரியவர் தேங்காய் உடைத்தாயிற்றா என்று விசாரித்தார்.

முடிந்ததும் குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும் என்று மட்டும் எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். சத்தம் போட்டுச் சொல்வதைத் தவிர வழியில்லை. குழிக்குப் பக்கத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "தண்ணி எடுக்கத் தோண்டலைங்க. ஊத்தத் தோண்டறேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு குடத்தோடு வந்த அம்மாள் எழுந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, என் மனைவியிடம், "எத்தனை நாளா இப்படி?" என்று இரக்கத்தோடு கேட்டுவிட்டுப் போனார்.

குழி முடிந்தது. பைப்பை நிறுத்தி, சுற்றிலும் கரி ஒரு வரி, உப்பு ஒரு வரியாகப் போட்டு, மேலே ஒரு புனலையும் வைத்துக் கட்டி, செம்புக் கம்பியை வீட்டுக்குள் இழுத்தார்கள். டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியவில்லை. என் மனைவி ஈரத்துணியோடு போய்த் தொட்டாள். கடிக்கவில்லை. ஒரு வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்து, "இதை நான் சொன்ன அன்னிக்கே செஞ்சிருக்கலாம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. எலக்ட்ரீஷியன் பணத்தை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, கிளம்புகிற சமயத்தில், "மண்ணு ஈரமா இருந்தாத்தான் சார் எர்த் நல்லா வேலை செய்யும். வெயில் காலம் பாருங்க. புனல்ல தினம் ஒரு குடம் ஊத்திடுங்க" என்றார்.

வீட்டில் நிசப்தம்.

என் மனைவியிடம் ஒரு கணக்கு இருந்தது. கம்ப்யூட்டரில் இல்லை, தலையில். குடிக்க ஒன்று, சமையலுக்கு இரண்டு, பாத்திரத்துக்கு ஒன்று, அம்மா மடிக்கு ஒன்று, மீதியில்தான் குளியல், துணி, எல்லாம். கறிவேப்பிலைச் செடியே ஒரு மாதமாக அரிசி களைந்த தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. "அதுக்குத் தாகம் எடுத்தா, காலைல நாலு மணிக்கு அதுவே லாரிக்குப் போய் வரிசைல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு நாள் ஊற்றவில்லை. ஐந்தாம் நாள் எனக்குக் கடிக்கிற மாதிரி இருந்தது. எதிர்வீட்டுப் பையன் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லவே இல்லை அங்கிள், மனப்பிரமை" என்றான். இருக்கலாம். ஆனால் மனப்பிரமைக்கு அவ்வளவு சுர்ரென்று இருக்காது. இரவில் எழுந்துபோய், என் பங்குக் குடிதண்ணீரில் ஒரு சொம்பு, யாருக்கும் தெரியாமல் புனலில் ஊற்றினேன். மூன்றாம் இரவு திரும்பிப் பார்த்தால் மனைவி வாசற்படியில் நிற்கிறாள். சொம்பும் கையுமாக நான். ஒரு மனுஷன் பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

மறுநாள் காலை தீர்ப்பு வந்தது. கம்ப்யூட்டருக்கென்று தனியாகத் தண்ணீர் கிடையாது. ஆனால் நான் குளிக்கிற தண்ணீரை அது எடுத்துக்கொள்ளலாம். துவைக்கிற கல்லிலிருந்து குழிக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டச் சொன்னாள். இனி நான் பாத்ரூமில் குளிக்கக்கூடாது; திறந்தவெளியில், அந்தக் கல்மேல்தான். "வாங்கினது நீங்கதானே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சோப்பு நுரை எர்த்துக்கு ஆகுமா என்று பையனிடம் கேட்டேன். அவன் அன்றைக்குப் பக்கோடாகூடச் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வந்து சேர்ந்தது 2004-ல். அதுவரைக்கும் தினம் காலை ஐந்தரை மணிக்கு நான் இடுப்பில் துண்டோடு அந்தக் கல்மேல் நின்றேன். அடுத்த வீட்டுக்காரர் சரியாக அதே நேரத்துக்குப் பல் தேய்த்துக்கொண்டு சுவரோரம் வருவார். முதல் இரண்டு நாள் ஒன்றும் கேட்காமல் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நுரையைத் துப்பிவிட்டு, "என்ன சார், கம்ப்யூட்டர் சர்வீஸா?" என்றார்.

"ஆமாம் சார்" என்று முதுகைத் தேய்த்தேன்.